பார்த்தவர்கள் பட்டியல்

"நீ வியாபாரம் பண்றியாம்மா, இல்ல சொந்தக்காரங்களுக்குப் படம் காட்டறியா?"

நொமலாங்காவுக்குக் காலையிலேயே குரல் ஏறிவிட்டது. வெள்ளிக்கிழமை ராத்திரி போன கரண்ட், ஞாயிறு ஆகியும் வரவில்லை. வறுத்த கடலை மூட்டையாகக் கிடக்க, அரைக்கிற மிஷின் துணி போர்த்திக்கொண்டு சும்மா நின்றது.

அம்மா மாசிபாண்டா மிச்சமிருந்த ஆறு பாட்டில் பீனட் பட்டரை வெயிலில் வரிசையாக வைத்துப் படம் எடுத்தாள். வழக்கம்போல வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டாள்.

"நாற்பத்து மூணு பேர் பார்க்கறாங்க. எல்லாம் அதே மூஞ்சிங்க. மூணு தெரு தள்ளி மாங்கூபே போன மாசம்தான் மிஷின் போட்டா. ஃபேஸ்புக், டிக்டாக் ரெண்டுலயும் போடறா. ஹராரேல இருந்து ஆர்டர் வருது. நம்ம வாடிக்கைக்காரங்களே பாதிப் பேர் அவகிட்டப் போயாச்சு."

"வாட்ஸப்புக்கு மட்டும்னா டேட்டா மலிவுடி."

"அதில்ல காரணம். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

மாசிபாண்டா நிமிர்ந்தாள். "தெரியுதுல்ல? உன் ஃபேஸ்புக்ல யார் யார் பார்த்தாங்கன்னு பேர் காட்டுமா?"

"காட்டாது. எத்தனை பேர்னு காட்டும்."

"அதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு பேர். லிண்டானி. மூத்த பிள்ளை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால், ஜோகன்னஸ்பர்க் பக்கம் மூடிப்போட்ட சுரங்கத்தில் திருட்டுத்தனமாகத் தங்கம் தோண்டுகிற கும்பலோடு கிளம்பினான். "அந்தப் பொந்துக்குள்ள போனா இந்த கேட்டை மிதிக்காதே" என்று மாசிபாண்டா கத்தினாள். அவனும் ரோஷக்காரன். போனான், திரும்ப மிதிக்கவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. ஆனால் அம்மா போடுகிற ஸ்டேட்டஸை மட்டும் பார்த்துவிடுவான். பார்த்தவர்கள் பட்டியலில் அவன் பேர் வந்த பிறகுதான் மாசிபாண்டாவுக்குக் கூழ் இறங்கும் என்பது அவர்கள் குடியிருந்த லுவேவே பேட்டை முழுக்கத் தெரிந்த விஷயம்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற மாகுமாலோவுக்குப் பொறுக்கவில்லை. அவள் வீட்டு சோலாரில்தான் மாசிபாண்டாவின் போன் சார்ஜ் ஏறி வந்திருந்தது.

"ஏண்டி பெண்ணே, கூடப் பொறந்தவன் உசிரோட இருக்கான்னு தெரியறதுக்கு இருக்கறதே அது ஒண்ணுதான். அதையும் அடைக்கணுமா? ஹராரே ஆர்டர் வந்தா அண்ணன் வேண்டாமா உனக்கு?"

மாகுமாலோ அம்மா பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லு மாசிபாண்டா, பையன் பார்த்தானா?"

"வெள்ளிக்கிழமை பார்த்தான். நேத்து பார்க்கலை."

"பார்ப்பான், பார்ப்பான். பூமிக்குள்ள இருப்பான். மேல வந்ததும் பார்ப்பான்."

நொமலாங்காவின் முகம் சுண்டிப்போனது. விருட்டென்று உள்ளே போய்விட்டாள்.

"சொன்னா எவ்வளவு கோபம் வருது பாரு!" என்றாள் மாகுமாலோ.

உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு, துணிப்பெட்டியின் அடியிலிருந்து ஒரு போனை எடுத்தாள் நொமலாங்கா. மூலை உடைந்த போன். லிண்டானியின் போன்.

எட்டு மாசத்துக்கு முன்னால் அந்தச் சுரங்கம் இடிந்தது. உடம்புகூடக் கிடைக்கவில்லை. இறங்கும்போது மேலே விட்டுப்போன போனை மட்டும், கூட வேலை செய்தவன் ஒருவன் பஸ் நிலையத்துக்கு அவளை வரவழைத்துக் கொடுத்தான். திறந்து பார்த்தால் உள்ளே இருந்த படமெல்லாம் பீனட் பட்டர் பாட்டில். அம்மா போட்ட ஒவ்வொரு படத்தையும் எடுத்துச் சேர்த்து வைத்திருந்தான் பாவி. ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா?

அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்தபோது அம்மா பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்று அந்த போனில் ஸ்டேட்டஸைத் திறந்தாள். அந்த ஒரு நாள் எட்டு மாசமாகிவிட்டது.

தினமும் செத்தவனுக்குப் பதிலாக விரலை வைத்து வைத்து அவளுக்குத் தன்னையே பிடிக்காமல் போயிற்று. பேர் காட்டாத இடத்துக்கு அம்மாவை இழுத்துப் போய்விட்டால் இதிலிருந்து தப்பிக்கலாம். அவள் ஃபேஸ்புக் ஃபேஸ்புக் என்று கத்தியது இதற்குத்தான்.

பொத்தானை அழுத்திப் பார்த்தாள். சார்ஜ் துளியும் இல்லை. மாகுமாலோ வீட்டு சோலாருக்கும் இதை எடுத்துப் போக முடியாது. உடைந்த மூலையைப் பார்த்ததுமே யார் போன் என்று சொல்லிவிடுவாள்.

போதும், இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வெளியே வந்தாள். மாகுமாலோ போய்விட்டிருந்தாள். அம்மா கடலையைத் தோல் போகப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அண்ணனைப் பத்தி உங்கிட்ட ஒண்ணு..."

தலைக்கு மேல் பல்பு எரிந்தது. தெருவில் பிள்ளைகள் ஹோவென்று கத்தினார்கள்.

மாசிபாண்டா முறத்தைக் கீழே வைத்தாள்.

"வேண்டாம். நீ சொல்லிட்டா நான் அழணும். எனக்கு இன்னும் அதுக்குத் தெம்பு வரலை."

"அம்மா?"

"நம்ம வீட்டுல கரண்ட் இல்லாத அன்னைக்கெல்லாம், ஜோகன்னஸ்பர்க்ல இருக்கறவன் ஸ்டேட்டஸ் பார்க்கறதில்லை. எனக்கு அதுகூடவா தெரியாது?"

நொமலாங்கா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மாசிபாண்டா மிஷின் மேலிருந்த துணியை உருவினாள்.

"எழுந்திரு கண்ணு. திரும்பக் கரண்ட் போறதுக்குள்ள, முதல்ல அவன் போனைச் சார்ஜ்ல போடு."