முன்னால் போன 'மெ'

போர்ச்சுகீசிய மொழியில் 'அமா-மெ' என்று ஒரு குட்டி வாக்கியம் இருந்தது. 'நேசிக்கிறாள் என்னை' என்று அர்த்தம். வினைச்சொல்லான அமா முன்னால் நடக்கும். 'என்னை' என்று பொருள்படும் மெ, நடுவில் இருக்கும் சின்னக் கோட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போகும். வாக்கியத்தை மெ தொடங்கக் கூடாது என்பது அங்கே இலக்கணம்.

மெவுக்கு அது பெரிய மானக்கேடாக இருந்தது.

"நேசிக்கப்படுவதே நான்தான். ஒரு நாளாவது உனக்கு முன்னால் நிற்கக் கூடாதா, அக்கா?" என்று முனகியது.

"பின்னால் இருந்தால் என்ன குறைந்துபோச்சு? பேசாமல் வாடா," என்றது அமா.

அந்தப் பக்கமாக வந்த 'நௌ' என்ற சொல் இதைக் கேட்டு நின்றது. "நான் முதலில் நின்றால் நீ எனக்கு அடுத்து நிற்கலாம், தம்பி. அதுவும் இலக்கணம்தான்."

மெ யோசிக்கவே இல்லை. கோட்டை உதறிவிட்டு ஒரே தாவலில் அமாவுக்கு முன்னால் போய் நெஞ்சை நிமிர்த்தி நின்றது.

"எப்படி இருக்கிறேன், அக்கா?"

அமா முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"அக்கா ஏன் பேசவில்லை?" என்று மெ திகைத்துப்போய் நௌவைக் கேட்டது.

"மூன்று பேரையும் சேர்த்துப் படித்துப் பாரேன். நான் வந்தாலே 'இல்லை' என்றுதான் அர்த்தம்."

மெ படித்தது. 'நௌ மெ அமா.' என்னை நேசிக்கவில்லை.

"அண்ணே, நீங்கள் கிளம்பிவிடுங்களேன்," என்று கெஞ்சியது மெ.

நௌ காலை நீட்டி வசதியாகச் சாய்ந்துகொண்டது. "என்ன அவசரம்? இடம் நன்றாகத்தானே இருக்கிறது!"