துக்கப் பாட்டு

"நீங்க கேமரா முன்னால கொஞ்சம் அழணும் அத்தை. ஒரே ஒரு தடவை."

அசாரா அத்தை ஷியா கொட்டையில் எடுத்த வெண்ணெயைப் பிசைகிற கையை நிறுத்தவில்லை. "எதுக்கு?" என்றாள்.

கேமராவோடு எதிரே நின்ற வுன்பினிக்கு இது முதல் படம். பெயர், 'பேச்சற்ற பெண்கள்'. ஆனால் அவள் ஊருக்கு வந்த நாளிலிருந்து, வெண்ணெய் எடுக்கும் இந்தப் பெண்கள் வாயை மூடவே இல்லை. தமாலே சந்தை விலை, சக்களத்திச் சண்டை, ஊர்த் தலைவரின் நாலாவது கல்யாணம் என்று பேசிப் பேசிச் சிரித்தார்கள். இத்தனை சிரிப்பை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

பணம் தரும் வெளிநாட்டுக்காரர்கள் சோகம் போதவில்லை என்று சொல்லிவிட்டார்கள். நாளைக்குள் நல்ல காட்சி போகாவிட்டால் படம் அவ்வளவுதான். மறுபடி தலைநகர் அக்ராவில் கல்யாண வீடியோ எடுக்க வேண்டியதுதான். இதை அத்தையிடம் சொல்லும்போது அவளுக்கே கண் கலங்கிவிட்டது. கொடுத்த சோளக்களியைத் தொடாமல் ஓரமாக உட்கார்ந்தாள்.

பெண்கள் தங்களுக்குள் ஏதோ கிசுகிசுத்தார்கள். பிறகு சட்டிகளைத் தூக்கிக்கொண்டு, கொட்டை வறுபடும் அடுப்புப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். அத்தை ஒரு பாட்டை எடுத்தாள். மற்றவர்கள் வெண்ணெயை அடித்துப் பிசைந்தபடி எதிர்ப்பாட்டு பாடினார்கள். பாடப் பாட, எல்லார் கன்னத்திலும் கண்ணீர் வழிந்தது.

வுன்பினி விடாமல் படம் பிடித்தாள்.

பிறந்தது இங்கே என்றாலும் அவள் வளர்ந்தது அக்ராவில். வீட்டுப் பேச்சு புரியும். வேலைப் பாட்டு பிடிபடாது. அர்த்தம் கேட்டாள்.

"பொம்பளைங்க துக்கம், கண்ணு. வேற என்ன?" என்று அத்தை தலைத்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பாட்டுக்குக் கீழே திரையில் வுன்பினியே எழுதிச் சேர்த்தாள்: 'எங்கள் வலிக்கு வார்த்தை இல்லை.'

படம் வெளிநாட்டில் பரிசு வாங்கியது. என் மண்ணின் ஊமைப் பெண்களுக்கு நான் குரல் கொடுத்திருக்கிறேன் என்று மேடையில் பேசினாள். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

பரிசுக் கோப்பையோடு ஊருக்கு வந்தாள். இருட்டியதும் பள்ளிக்கூடச் சுவரில் வெள்ளைத் துணி கட்டிப் படத்தைப் போட்டாள். பாட்டுக் காட்சி வந்தது. வெளிநாட்டில் சபையே மூக்கைச் சிந்திய இடம். இங்கே ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

வுன்பினிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "பாத்தீங்களா அத்தை? உங்க வலி இவங்களுக்குச் சிரிப்பா இருக்கு. இதைத்தான் நான் படத்துல சொல்லியிருக்கேன்."

அத்தை நெளிந்தாள். அப்படி என்னதான் அந்தப் பாட்டில் இருக்கிறது, இப்போதே சொல்லியாக வேண்டும் என்று வுன்பினி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதே கண்ணு, அன்னைக்கு வாய்க்கு வந்ததைக் கட்டிப் பாடினோம்," என்றவள், மெல்லிய குரலில் பாடிக் காட்டினாள்:

"புகைப் பக்கம் நகருங்கடி, கண்ணை நல்லாத் திறங்கடி, பட்டணத்துப் பொண்ணுக்குப் பொழைக்க வேற வழி தெரியல, பாவம்."