ஞாயிற்றுக்கிழமை ரசிகர்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் மிச்சப் பற்களும் உதிரட்டும்.

மாடி அறையில் குடியிருந்த துணை நடிகரைப் பார்க்க ஞாயிறுதோறும் ஒரு ரசிகர் வருவார். அவருடைய கட்டைக்குரல் கீழ்வீடு வரை கேட்கும்.

"அண்ணே, ஆஸ்பத்திரி சீன்ல என்னமா வசனம் பேசினீங்க! தேம்பித் தேம்பி அழுதுட்டேன்."

"அட போப்பா, அதையெல்லாம் யாரு ஞாபகம் வச்சிருக்கா?" இது நடிகர்.

"நான் இருக்கேன்ல!"

ஒரு ஞாயிறன்று வீட்டுக்காரர் மூச்சிரைக்க மாடியேறி வந்து கதவைத் தள்ளினார்.

"தனி ஆளுக்குன்னுதானே ரூம் விட்டேன்? எங்க சார் அந்த ஆளு? இனிமே அவர் வந்தா, ரெண்டு பேரும் அன்னைக்கே காலி பண்ணணும்!"

அறையில் நடிகர் மட்டுமே இருந்தார். எதிர் நாற்காலி முன் ஒரு டம்ளர் காபி ஆறிக்கொண்டிருந்தது.

"இனிமே வரமாட்டேன் சார்," என்றார் நடிகர், அதே கட்டைக்குரலில்.

நாற்பது வருடம் நடித்தவருக்கு எந்தப் படத்திலும் யாரும் ஒரு வரி வசனம்கூடக் கொடுத்ததில்லை.