எதிர்ப்பக்கம் சாயும் தையல்

குரங்கணிச் சரிவில், ஏலச்செடிகளுக்கு நடுவே, சினிமாப் பிணம் ஒன்று சாக்குக்குள் கிடக்கிறது. உள்ளே வைக்கோல்தான். சுற்றி நின்று அழக் கூலிக்கு வந்த ஜக்கம்மாள் காலையிலிருந்து எட்டு முறை அழுதுவிட்டாள். "என் மாமியா செத்தப்பக்கூட இம்புட்டு அழலப்பா" என்று சொல்லிக்கொண்டே சாக்கின் அருகில் குந்துகிறாள். மலையில் மஞ்சு மூட்டம் இறங்குகிறது, விளக்குகளைத் திருப்புகிறார்கள். அப்போதுதான் சாக்கு வாயின் சணல் கண்ணில் படுகிறது. மூட்டையை வலது கைக்காரர் தைத்தால் தையல் ஒரு பக்கம் சாயும். இடது கைக்காரர் தைத்தால் எதிர்ப்பக்கம். இது எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது. தூக்கப் பிடிக்கச் சாக்கு மூலையில் விடும் காதில் எல்லோரும் சணலை இரண்டு சுற்றுத்தான் சுற்றுவார்கள், இங்கே மூன்று. பதினோரு வருடத்துக்கு முன் இதே சரிவில் அவள் அண்ணன் பிணமாகக் கிடந்த சாக்கிலும் இப்படித்தான் இருந்தது. தைத்தவன் யாரென்று போலீசு கண்டுபிடிக்கவில்லை. தெரிந்தவர்கள் வாய் திறக்கவில்லை.

"ஹக்கீமு, இதத் தைச்சது யாரு?"

படப்பிடிப்புச் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் ஹக்கீம் திரும்புகிறான். "நம்ம சன்னாசி அண்ணேதான். அசலா இருக்கணும்னு டைரக்டர் சொன்னாரு, வெரசா தைச்சுக் குடுத்துட்டாரு. ஏன்க்கா, நல்லால்லயா?"

"அசலாத்தான் இருக்கு."

கூட்டத்தின் ஓரத்தில் சன்னாசி, கோணி ஊசியைச் சட்டைக் காலரில் செருகிக்கொண்டு, இடது கையால் டீ குடிக்கிறான். "அழுங்கம்மா!" என்று மைக்கில் கத்துகிறார்கள். ஜக்கம்மாள் அழவில்லை. அவனையே பார்க்கிறாள். அவன் டீ கிளாஸ் வாய்க்குப் போகும் வழியிலேயே நிற்கிறது.