இடப்பக்க மூக்கு

மூன்று மாதமாகக் கிருஷாந்துக்கு இடப்பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வடிந்தது. ஆவி பிடித்தும் மாத்திரை விழுங்கியும் பீனிசம் போகவில்லை. கடைவாய்ப்பல்லின் வேரிலிருந்துதான் சீழ் ஏறுகிறது, பல்லைப் பிடுங்க வேண்டும் என்று மூக்கு வைத்தியர் படம் எடுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்.

"வாங்கோ, பிடுங்கிப்போட்டு வருவம்," என்று கௌசிகா ஐந்தாவது தடவையாகக் கணவனைக் கூப்பிட்டாள்.

"ஏலாது. ஊசியை நினைக்கவே கால் நடுங்குது."

பொறுமை இழந்தவள், அவனை ஆட்டோவில் ஏற்றி உப்புவெளிப் பல் கிளினிக்கில் இறக்கினாள். அவனைக் கண்டதும் காத்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

"வணக்கம் டொக்டர்," என்றார் ஒரு பெரியவர். "இண்டைக்கு என்ர பல்லைப் பிடுங்கிறதெண்டு சொன்னனீங்கள். நோகுமோ?"

"கொஞ்சமும் நோகாது ஐயா," என்றான் கிருஷாந்த், பழக்கதோஷத்தில்.

"அப்ப நீங்கள் முதல் போய் இருங்கோ," என்று உள்ளே கதிரையைக் காட்டினாள் கௌசிகா. "உங்கட உதவி டொக்டர் ஊசியோட நிக்கிறா."