கெட்ட காலத்துக்கு வைத்தது

பேங்க்குகளை ஒரு நாள் இழுத்து மூடிவிடுவார்கள். எனக்கு எவன் மேலும் நம்பிக்கை இல்லை. அதனால்தான் உள்ரூமில் கொஞ்சம் ரொக்கமும், அது செல்லாமல் போனால் பண்டமாற்றுக்குக் கேழ்வரகும் புளியும் உப்பும் பூட்டி வைத்திருந்தேன்.

நேற்று திறந்து பார்த்தால் கேழ்வரகு டிரம்மில் பாதி இல்லை. புளிப்பானை காலி. ரொக்கமும் போய்விட்டது.

இன்று மத்தியானம் மருமகள் யுவராணியைப் பிடித்தேன்.

"எவன் கைய வெச்சான்?"

"எலி தின்னிருக்குமுங்க மாமா."

"எலி நோட்டையும் எடுத்துக்கிட்டு பஸ் ஏறிருச்சா? உம் புருஷன் வரட்டும். கம்பெனில சம்பளம் வாங்குறவனுக்கு அப்பன் வூட்லயே திருட்டு கேக்குதா?"

"மெல்லப் பேசுங்க மாமா."

"எதுக்கு? ஊரே கேக்கட்டும்! நாளைக்கு நாடு கவுந்தா மண்ணத்தான் தின்னணும் நீங்க!"

களி கிண்டிக்கொண்டிருந்தவள் துடுப்பைக் கீழே வைத்தாள்.

"நாடு கவுர்றது இருக்கட்டுமுங்க. அவரு கம்பெனிய தீவாளிக்கே மூடிட்டாங்க. தெனமும் சோத்து டப்பாவோட வேல தேடித்தான் போறாரு. உங்க மாத்திர, புள்ளைக்கு பீசு, நீங்க தின்ன களி, எல்லாமே அந்த ரூம்லருந்து எடுத்ததுதான்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"சொன்னா பூட்ட மாத்திருவீங்கன்னு பயந்தாருங்க."

காலையில் கடத்தூரில் வாங்கிய புதுப் பூட்டு என் மடியில் இருந்தது.