அடுப்புக்குப் பின்னால் நீலப் பூ

சுவரில் பதிக்கத் தண்ணீரில் ஊறிய பீங்கான் கற்களை விருமாண்டிக் கொத்தனார் ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கின் மேல் பரப்புகிறார். வெள்ளையில் நீலப் பூ. எருமைப் பால் விற்ற காசில், மதுரைக் கடைக்காரர் காட்டிய மயிலையும் ரோசாவையும் தள்ளிவிட்டு அம்மா தானே பொறுக்கியவை. அடுப்புக்குப் பின்னால் கரியேறிய சுவரைக் கொத்திவிட்டுப் புதுச் சாந்து பூசியாயிற்று. அடுப்படி வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் அப்பா இன்னும் பேச்சை விடவில்லை. “முன்கட்டுச் சுவத்துல பதிச்சா வாரவன் போறவன் பாப்பான். இங்கன யாரு பாக்கப் போறா?” அம்மா திரும்பாமலே சொல்கிறாள்: “நான் பாப்பேன்ல.” கொத்தனார் மீசைக்குள் சிரிக்கிறார். “பூவு எம்புட்டு உசரத்துல வரணும் மதினி? ஆள் நிக்கிற உசரம்தான் வழக்கம்.” “நின்னுக்கிட்டா பொங்குறேன், கொழுந்தனாரே?” அம்மா பலகையை இழுத்துப் போட்டு, உலை வைத்தவள் போல் அடுப்பின் முன் உட்காருகிறாள். முதுகு நிமிர்ந்திருக்கிறது. கண்ணுக்கு நேராக ஈரச் சாந்தில் விரலால் ஒரு கோடு இழுக்கிறாள். முதல் கல்லை அந்தக் கோட்டில் வைத்து, கொத்துக் கரண்டியின் பிடியால் மெல்லத் தட்டுகிறார் கொத்தனார். அப்பா வாசலைவிட்டு விலகி நிற்கிறார். வெயில் உள்ளே வந்து பூவின் மேல் விழுகிறது.